செவ்வாய் டேஸ்டிங் பிராக்டிஸ், எல்லாரும் வாசிங்க

வணக்கம். டபிள்யூஎஸ்இடி (வைன் பத்தின சர்வதேச பரீட்சை) லெவல் 3 வைன் படிக்கிற நம்ம ஆக்கள் வர்ற செவ்வாய் பின்னேரம் 3 மணிக்கு நுவரெலியாவில வழமையான இடத்துல கூடுறோம், டின்னர் ஷிஃப்ட் உள்ளவங்கள 5 மணிக்கு விட்டுருவோம்.

1. திங்கள் போயா (பௌர்ணமி லீவு), வைன் கடை பூட்டு. போத்தல் ஞாயிறே வாங்கணும், காசு சனிக்குள்ள தாங்க.

2. ஆளுக்கு 2 கிளாஸ், துப்புறதுக்கு ஒரு கப். டீ டேஸ்டர் சர்ர்ருனு உறிஞ்சி துப்புறத பார்த்து வளந்த நமக்கு இதுல என்ன வெக்கம்?

3. சென்ட், தைலம் வேணாம். போன முறை ஒருத்தர் தடிமனுக்கு தைலம் பூசிட்டு வந்து எல்லாரோட ரீஸ்லிங்கும் (வெள்ளை வைன்) யூகலிப்டஸ் வாசமா போச்சு.

4. தியரி பேப்பர்ல 50 எம்சிகியூ, 4 எழுத்துக் கேள்வி. டேஸ்டிங்ல 2 வைன், 30 நிமிஷம். ரெண்டுலயும் தனித்தனியா 55% வேணும், ஒன்ன வச்சு மத்தத சமாளிக்க ஏலாது. நாம விழுறது எழுத்துலதான், "புளிப்பு கூட"னு மட்டும் எழுதினா பத்தாது, குளிரான இடத்துல பழம் மெதுவா பழுக்கும் அதனால அசிட் அவ்வளவா குறையாதுனு காரணத்தையும் எழுதணும், அப்படி ஒரு கேள்விக்கு விடை எழுதிட்டு வாங்க.

வர்றவங்க சனி ராத்திரிக்குள்ள பேர் போடுங்க. தம்ஸ் அப் மட்டும் போட்டா கணக்குல எடுக்க மாட்டேன்.