உளி பிடிக்கவும் பழகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுக்கு வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டும் முன் கொத்தனார் கயிறு கட்டினார். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடியில் குறி வைத்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்தார். வந்தால் மூலை சரி. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அசந்துபோனாள். பிதாகரஸ் தேற்றத்தை மனப்பாடமாகச் சொல்வாள். அது மண்ணில் வேலை செய்வதை அன்றுதான் கண்டாள்.

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு வாரம் 2 பாடவேளை மரவேலையும் கட்டுமான வேலையும் கற்றுத்தர வேண்டும். மட்டம் பார்க்கும் ரசமட்டம், செங்குத்து பார்க்கும் தூக்குக்குண்டு, கைரம்பம், உளி போதும். மின் இயந்திரங்கள் இந்த வயதில் வேண்டாம். ஊர்த் தச்சரையே ஊதியம் கொடுத்து அழைக்கலாம்.

1953-ல் வந்த குலக்கல்வித் திட்டத்தின் காயம் நமக்கு உண்டு. பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றதை மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் அரசு அதைக் கைவிட்டது நியாயமே. நான் கேட்பது வேறு. டாக்டர் மகனும் கூலித் தொழிலாளி மகளும் பள்ளிக்குள்ளேயே ஒரே பலகையை இழைக்க வேண்டும்.

முதல் வேலையாக, வகுப்பில் ஆடிக்கொண்டிருக்கும் பெஞ்சுகளைச் சரிசெய்யட்டும்.

ஒரு வாசகர், கும்பகோணம்