வீடுகள் கைமாறிய ஊர்: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பல குடியரசுகள் சேர்ந்த யூகோஸ்லாவியா என்ற கூட்டு நாடு உடைந்த கதையை நடத்தும்போது குடியரசுகளின் பெயர்களும் போர்களின் ஆண்டுகளும் மாணவர்களின் மனத்தில் தங்குவதே இல்லை என்றும், ஒரே ஒரு சிற்றூரை முன்வைத்து அதைச் சொல்ல வழியுண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். உண்டு. செர்பியாவின் வோய்வோடினா மாகாணத்தில், பெல்கிரேடுக்கு மேற்கே, ஸ்ரேம் சமவெளியில் சாவா ஆற்றையொட்டி ஹர்ட்கோவ்ட்ஸி என்ற ஊர் இருக்கிறது. போர்முனை அந்த ஊருக்கு வரவே இல்லை. ஆயினும் 1992ஆம் ஆண்டின் சில மாதங்களுக்குள் அங்கே வசித்தவர்களில் பெரும் பகுதியினர் மாறிப்போனார்கள். அதனால்தான் இந்த ஊரைப் பரிந்துரைக்கிறேன்.

ஊரின் பழமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றங்கரையிலுள்ள கோமொலாவா என்ற மேட்டை அகழ்ந்தவர்கள் புதிய கற்காலம் முதற்கொண்டு அடுக்கடுக்காகக் குடியிருப்புகளைக் கண்டிருக்கிறார்கள். நம் கதைக்கு வேண்டியது 18ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறது. 1737இல் ஆஸ்திரியாவுக்கும் துருக்கிக்கும் மூண்ட போரில் ஆஸ்திரியப் படை பின்வாங்கியபோது, அதற்குத் துணைநின்ற செர்பியர்கள் நான்காம் ஆர்செனியே என்ற திருச்சபைத் தலைவரின் பின்னால் வடக்கு நோக்கிப் பெயர்ந்தார்கள். அவர்களோடு வட அல்பேனிய மலைநாட்டைச் சேர்ந்த கிளிமெந்தி என்ற குலத்தாரும் வந்தார்கள். இவர்கள் அல்பேனிய மொழி பேசிய கத்தோலிக்கர்கள். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு இவர்களைத் தன் எல்லைக் காவல் பகுதியில், ஹர்ட்கோவ்ட்ஸியிலும் பக்கத்து ஊரான நிகின்ட்ஸியிலும் குடியமர்த்தியது. தலைமுறைகள் செல்லச் செல்ல இவர்களின் சந்ததியினர் சுற்றியிருந்த ஸ்லாவியக் கத்தோலிக்கர்களோடு கலந்து, மொழியை மாற்றிக்கொண்டு, குரோயேஷியர்களாகவே அறியப்பட்டார்கள். ஹங்கேரியர்களும் ஜெர்மானியர்களும் பின்னர் வந்து சேர்ந்தார்கள். ஜெர்மானியர்களின் இருப்பு, வோய்வோடினாவின் பிற ஊர்களைப் போலவே, இரண்டாம் உலகப் போரின் முடிவோடு இங்கும் முடிந்தது.

1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஊரில் 2,684 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் குரோயேஷியர்கள். செர்பியர்களும் ஹங்கேரியர்களும் தலா ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தார்கள். 15 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தங்களை 'யூகோஸ்லாவியர்' என்று பதிந்துகொண்டார்கள் என்பதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கலப்பு மணம் செய்துகொண்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பெரும்பாலும் எழுதிக்கொண்ட இனம் அது. அடுத்த ஆண்டில் அவர்கள் அறிந்திருந்த அந்தக் கூட்டு நாடே இல்லாமற்போனது; செர்பியாவும் மாண்டினீக்ரோவும் மட்டும் சேர்ந்த நாடு அந்தப் பெயரைத் தாங்கி நின்றது.

யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த குரோயேஷியாவில் போர் மூண்டதும் அங்கே வீடிழந்த செர்பிய அகதிகள் ஸ்ரேமுக்கு வந்துசேர்ந்தார்கள். தங்க இடமின்றி, கோபத்தோடு வந்தவர்கள். அவர்களின் துயரம் உண்மையானது. அதைப் பயன்படுத்திக்கொண்டவர்களே வேறு. 1992 மே 6 அன்று செர்பிய தீவிரக் கட்சியின் தலைவர் வோயிஸ்லாவ் ஷேஷெல் ஹர்ட்கோவ்ட்ஸியில் பொதுக்கூட்டம் நடத்தினார். இங்கே குரோயேஷியர்களுக்கு இடமில்லை, தாமாகப் போகாதவர்களை எல்லை வரை வண்டியில் கொண்டுபோய் விடுவோம், அதற்கப்பால் அவர்கள் நடந்துகொள்ளட்டும் என்ற பொருளில் பேசினார். வெளியேற வேண்டியவர்களின் பெயர்ப்பட்டியலும் அதே மேடையில் வாசிக்கப்பட்டது. அண்டை வீட்டார் நிற்கும் கூட்டத்தில் உங்கள் பெயர் ஒலிபெருக்கியில் கேட்பதை எண்ணிப்பாருங்கள், ஐயா.

அதன் பிறகு நடந்தவற்றை வகுப்பில் சற்று நிதானமாகவே விளக்க வேண்டும். மிரட்டல் தொலைபேசி அழைப்புகள் வந்தன, உரிமையாளர் உள்ளே இருக்கும்போதே வீடுகளுக்குள் பிறர் புகுந்தார்கள், ஒருவர் கொல்லப்பட்டார். ஆனால் ஊரைக் காலி செய்த முதன்மையான கருவி வீட்டுப் பரிமாற்ற ஒப்பந்தம்தான். ஹர்ட்கோவ்ட்ஸியின் குரோயேஷியர் தம் வீட்டையும், குரோயேஷியாவிலிருந்து வெளியேறும் செர்பியர் அங்குள்ள தம் வீட்டையும் பரஸ்பரம் எழுதிக்கொடுத்தார்கள். பேரம் பேச இரு தரப்புக்கும் நேரமில்லை. நல்ல தோட்டவீட்டைக் கொடுத்துவிட்டு அதன் மதிப்பில் பாதிகூடப் பெறாத வீட்டை ஏற்றவர்களும் இருந்தார்கள். தாளில் பார்த்தால் இருவரும் மனமொத்துச் செய்துகொண்ட வியாபாரம். ஊருக்கு 'ஸ்ர்பிஸ்லாவ்ட்ஸி' என்று புதுப்பெயரும் சூட்டினார்கள், அது நிலைக்கவில்லை.

அந்தக் கையெழுத்துகளைச் சம்மதம் என்று கொள்ளலாமா? அந்தப் போர்களின் குற்றங்களை விசாரிக்க ஐ.நா. தி ஹேக் நகரில் அமைத்த முன்னாள் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் 2016 மார்ச்சில் ஷேஷெலை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் பெரும்பான்மைத் தீர்ப்பால் விடுவித்தது. 2018 ஏப்ரல் 11 அன்று, அந்தத் தீர்ப்பாயம் மூடப்பட்ட பின் அதன் பணியைத் தொடர்ந்த ஐ.நா. அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு, ஹர்ட்கோவ்ட்ஸி உரையைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பைத் திருத்தி, மக்களை வெளியேற்றத் தூண்டியது மனிதகுலத்துக்கு எதிரான குற்றமே என்று 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. விசாரணைக் காலத்திலேயே அதைவிட அதிக ஆண்டுகள் காவலில் கழித்திருந்ததால் அவர் சிறைக்குத் திரும்பவில்லை. இரண்டாம் தீர்ப்பே சரி என்பது என் கருத்து. மேடையில் பெயர் வாசிக்கப்பட்ட பிறகு போடும் கையெழுத்துக்கு ஒப்பந்தச் சட்டத்தின் அளவுகோல் போதாது.

வகுப்பில் ஒரு முறையைக் கையாண்டு பார்க்கலாம். 2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 3,428. முதலில் 2,684, 3,428 என்ற இரண்டு எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதி, இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் ஊருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று கேளுங்கள். ஊர் வளர்ந்திருக்கிறது என்பார்கள். பிறகு இனவாரிக் கணக்கை எழுதுங்கள்: குரோயேஷியர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, செர்பியர்கள் நான்கில் மூன்று பங்கு.

அன்புடன்,
தங்கள் பழைய மாணவன்