கப்பல் வருமுன் எங்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்

கடலடி ஆய்வுக் கப்பல்களுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகளுக்கும், அவற்றில் வரும் அறிவியலாளர்களுக்கும், திருநெல்வேலிக் கடற்கரை ஊரான உவரியிலிருந்து வணக்கம்.

மாசி மாதம் ஓர் ஆய்வுக் கப்பலால் எங்கள் ஊர்ப் படகுகள் வலை இழந்த கதை உங்களுக்குத் தெரியும். மூன்று மனு கொடுத்திருக்கிறோம். அதையே திரும்ப எழுதப் போவதில்லை. மனுவில் சேராமல் போன ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் என் அண்ணனும் இன்னும் மூன்று பேரும் ஃபைபர் படகில் போயிருந்தார்கள். பெரிய கப்பல் ஒன்று மெதுவாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அதன் கூடக் காவலுக்கு வந்த சின்னக் கப்பலிலிருந்து மைக்கில் ஏதோ சொன்னார்கள், முதலில் இந்தியில், அப்புறம் ஆங்கிலத்தில். விலகச் சொல்கிறார்கள் என்று இவர்களாகவே புரிந்துகொண்டு, ஒதுங்கி, என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பெரிய கப்பலின் விளக்கு தூரத்தில் சிறுத்த பிறகுதான் வலையை இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் வலைக்கயிறு விறைத்தது. படகின் முன்பக்கம் தண்ணீரில் அமுங்கத் தொடங்கியது. அண்ணன் அரிவாளை எடுத்துக் கயிற்றை வெட்டிவிட்டார். வெட்டாமல் இருந்திருந்தால் இந்த மடலை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். கொஞ்சம் தள்ளி, விளக்கு மினுக்கும் மிதவை ஒன்று அவர்களுடைய வலையை இழுத்துக்கொண்டு போனது.

"கப்பல் கடந்து போயிட்டுன்னுதான்மா வலைய விட்டோம்" என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார், தப்பு தன்னுடையது மாதிரி.

கப்பல் கடந்து போகவில்லை. அதன் வால் வந்துகொண்டிருந்தது. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள், அதனால் எனக்கு அது புரிந்தது. கப்பலின் பின்னால் காற்றுத் துப்பாக்கிகள் அழுத்திய காற்றைத் தண்ணீருக்குள் வெடிக்கவிடும். அந்த ஒலி கடல்தரையைத் துளைத்து, அடியிலிருக்கும் மண் அடுக்குகளில் பட்டுத் திரும்பி வரும். திரும்பி வருவதைக் கேட்க, கிலோமீட்டர் கணக்கில் நீளமான கேபிளில் கேட்புக் கருவிகளைக் கோத்து இழுத்துப் போவார்கள். கேபிள் முடிகிற இடத்தில்தான் அந்த விளக்கு மிதவை. இப்படி இழுத்துக்கொண்டு போகும் கப்பலால் நினைத்த இடத்தில் நிற்கவோ திரும்பவோ முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: நடுக்கடலில் நிற்க முடியாதவர்கள், கரையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? "எங்கள் பின்னால் இத்தனை கிலோமீட்டருக்குக் கேபிள் வருகிறது, மிதவை கடக்கும்வரை வலை விடாதீர்கள்." இந்த ஒரு வரியைத் தமிழில் சொல்லியிருந்தால் போதும், எங்கள் வீட்டுப் பதினான்கு துண்டு வலையும் இருந்திருக்கும்.

மிஞ்சியது மூன்று துண்டு. அம்மா அதை முற்றத்தில் விரித்துப் போட்டு, ஈயக்குண்டுகளை ஒரு டப்பாவிலும் மிதப்புகளை ஒரு சாக்கிலும் பிரித்து வைத்தார். வலை வாங்க வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது.

நான் உங்கள் ஆய்வுக்கு எதிரி இல்லை. கடலடியில் இருக்கும் மீத்தேன் என்ற எரிவாயுவைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆசையாகப் பேசுகிறவள். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சேற்றில் மக்கும் பொருளை நுண்ணுயிர்கள் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன. ஆழ்கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் தண்ணீர் அந்த வாயுவைக் கூண்டு மாதிரி சுற்றிக்கொண்டு உறைந்துவிடுகிறது. அப்படி ஒரு கன மீட்டர் கட்டியை மேலே கொண்டுவந்தால் ஏறக்குறைய 164 கன மீட்டர் வாயு வெளிவரும். தீக்குச்சி காட்டினால் பனிக்கட்டி எரியும், அடியில் தண்ணீர் சொட்டும். இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுப் பையன்கூட நிமிர்ந்து உட்காருவான். 2006-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளைக்கப்பல் வந்து கிருஷ்ணா கோதாவரிக் கடலிலும் மகாநதிக் கடலிலும் அந்தமான் பக்கமும் இந்தக் கட்டிகளை எடுத்துக் காட்டியதையும், 2015-இல் ஜப்பானின் சிக்யூ என்ற துளைக்கப்பல் வந்ததையும் சொல்லியிருக்கிறேன்.

கண்ட விளிம்பு, அதாவது கண்டத்தின் நிலம் கடலுக்கடியில் சரிந்து முடிகிற இடம் என்பதும் எங்களுக்கு வெறும் பாடம் இல்லை. கிழக்குக் கரை அண்டார்க்டிகாவிடமிருந்து பிரிந்து சுமார் 13 கோடி ஆண்டு, மேற்குக் கரை மடகாஸ்கரிடமிருந்து பிரிந்து சுமார் 9 கோடி ஆண்டு. இரண்டு முறிவும் வந்து சேருகிற மூலையில்தான் நாங்கள் வலை போடுகிறோம். எது பார் (கடலடிப் பாறைத் திட்டு), எது சேறு, எது மணல் என்று எங்கள் பெரியவர்கள் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி, அதில் ஒட்டிவந்த மண்ணைப் பார்த்துச் சொன்னார்கள். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

ஆனால் அந்தக் கப்பல் எதற்காக வந்தது என்பதே எங்களுக்குப் பேப்பரில் வந்த இரண்டு வரியில்தான் தெரிந்தது. அதில் "மீத்தேன்" என்ற சொல் இருந்தது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. காவிரி டெல்டா விவசாயிகள் வருஷக்கணக்காகப் போராடியது மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துத்தான். மறுநாள் காலையில் ஏலம் நடக்கிற இடத்தில் ஒரே பேச்சு. கடல் தீப்பிடிக்கும் என்றார் ஒருவர். நம்மை ஊரைவிட்டுக் கிளப்பப் போகிறார்கள் என்றார் இன்னொருவர். வெப்பமான நம் கடலில் அந்தக் கட்டி நிலைக்கப் பல நூறு மீட்டர் ஆழம் வேண்டும், நம் கரைக்கடலில் அது கிடையாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "உனக்கு எப்படிம்மா தெரியும், அவங்க உன்கிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டார் ஒரு பாட்டி. என்னிடம் பதில் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

கடலில் இருப்பவனுக்குச் சேதி போய்ச் சேராமல் இருப்பது இன்று நேற்றுப் பழக்கமா? 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது எச்சரிக்கை வருவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான படகுகள் ஆழ்கடலுக்குப் போயிருந்தன. போனவர்களுக்கு அது எட்டவில்லை. குமரிக் கரையில் இன்னும் திரும்பாதவர்களின் படங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகின்றன. கடலைப் பற்றிய அறிவெல்லாம் கரைக்குப் போகிறது, டெல்லிக்குப் போகிறது, வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போகிறது. கடலுக்குள் இருப்பவனுக்கு மட்டும் வருவதில்லை. வலைக்கு நஷ்ட ஈடு கேட்டுப் போனால், ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டுகிறது. மூன்று தடவை திசையன்விளை போய் பஸ் மாறித் திருநெல்வேலிக்குப் போனார் அண்ணன். மூன்று நாள் தொழிலும் போனது. கடைசியில் "கப்பல் போகும் பாதை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது" என்று ஓர் ஆங்கிலத் தாளைக் காட்டினார்களாம். அதில் இருந்தது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் மட்டும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது சின்ன விஷயம்தான்.

அடுத்த கப்பல் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், எந்த நாள், எந்தப் பக்கம், பின்னால் எவ்வளவு நீளத்துக்குக் கேபிள் என்று தமிழில் ஒரு தாள் எழுதி ஊர்க் கமிட்டிக்கு அனுப்புங்கள். கோயில் மைக்கில் வாசித்துவிடுவோம், ஏலக்கூடத்தில் ஒட்டிவிடுவோம். கூட்டப்புளியிலிருந்து உவரி வரை எல்லா ஊரிலும் கோயிலும் மைக்கும் இருக்கிறது. காவல் கப்பலில் தமிழ் பேசுகிற ஒருவரை ஏற்றுங்கள். வேலை முடிந்த பிறகு, கண்டதையும் காணாததையும் தமிழில் வந்து சொல்லுங்கள். மாசியில் போன வலைகளுக்கான மனுக்களுக்குப் பதில் போடுங்கள், அதுவும் தமிழில்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. காலைப் பூசை முடிந்ததும் கோயில் முன்னால் எல்லோரும் இருப்பார்கள். உங்களில் ஒருவர் வந்தால் போதும். நாற்காலி போட்டு வைக்கிறோம். கரும்பலகையை நான் பள்ளியிலிருந்து எடுத்து வருகிறேன். வரும் தேதியை மட்டும் தயவுசெய்து முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
உவரி