ஐரோப்பியக் கடவுச்சீட்டில் லண்டனில் இருக்கும் பெற்றோருக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பிரெஞ்சு, டச்சு, ஜெர்மன், டெனிஷ் கடவுச்சீட்டில் 2020 டிசம்பர் 31க்கு முன் இங்கு வந்தவர்களின் வதிவிட உரிமை பற்றி 15ஆம் திகதி ஞாயிறு மாலை 5 மணிக்கு சூமில் பேசுகிறோம். அதற்கு முன் செய்ய வேண்டியவை:

1. உங்கள் யூகேவிஐ (பிரித்தானியக் குடிவரவுத் திணைக்களம்) இணையக் கணக்கைத் திறந்து செட்டில்டா (நிரந்தர வதிவிட உரிமை), பிரீ செட்டில்டா (தற்காலிக வதிவிட உரிமை) என்று பாருங்கள். 'எனக்கு எப்பவோ கிடைச்சிட்டுது' என்பவர்களும்தான்!

2. கடவுச்சீட்டு புதுப்பித்திருந்தால் புதிய இலக்கத்தைக் கணக்கில் சேருங்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் உங்கள் உரிமை திரையில் வராமல் போகலாம்.

3. பிரீ செட்டில்ட் உள்ளவர்கள் 5 வருடம் முடிந்ததும் செட்டில்டுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் இல்லை. தானாக மாறும் என்று இருந்துவிடாதீர்கள். தானாக மாற்றுவதற்கு உள்துறை அமைச்சு செய்யும் சோதனை அரசிடம் உள்ள வரி, உதவிப்பணப் பதிவுகள் போன்றவற்றைத்தான் பார்க்கிறது. வேலைக்குப் போகாத அம்மாமார், வயதானவர்கள் அதில் தெரியாமல் போகலாம். அவர்களுக்கு வங்கிக் கணக்கு விபரம், கவுன்சில் வரிப் பில், ஜீபி (குடும்ப வைத்தியர்) கடிதம் சேர்த்து வையுங்கள்.

4. பெற்றோர் இருவரும் பிரீ செட்டில்டாக இருக்கும்போது இங்கு பிறந்த பிள்ளை பிரித்தானியப் பிரஜை அல்ல. பிறந்து 3 மாதத்துக்குள் பிள்ளையின் வதிவிட உரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். பிறக்கும்போது ஒருவராவது செட்டில்ட் என்றால் பிள்ளை பிரித்தானியப் பிரஜை. பயணத்துக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுங்கள்.

5. செட்டில்ட் உள்ளவர்கள் தொடர்ந்து 5 வருடம் வெளிநாட்டில் இருந்தால் உரிமை போய்விடும்.

கூட்டத்துக்கு வருவோர் 'வருகிறேன்' என்றும் உங்கள் நிலையையும் (செட்டில்ட் அல்லது பிரீ செட்டில்ட்) வெள்ளி இரவுக்குள் பதிலிடுங்கள். கடவுச்சீட்டுப் படம், ஷேர் கோட் (உங்கள் உரிமையைப் பிறர் இணையத்தில் பார்க்கத் தரும் குறியீடு) எதையும் குழுவில் போடவேண்டாம்.