டிராகுலா படிக்கச் சொன்ன அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நீங்கள் கொடுத்த 'டிராகுலா' நாவலில் ஆறாவது அத்தியாயத்துக்கு வந்திருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டே எழுதலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் முடிவு தெரிந்தபிறகு இப்போதிருக்கிற பயம் இதே மாதிரி இருக்காது, அதனால் சூட்டோடு எழுதுகிறேன். ரத்தம், கோரைப்பல், சவப்பெட்டி எல்லாம் படங்களில் பார்த்துப் பார்த்துப் பழகியவை. என்னை உலுக்கியது வேறு. ஒரு கட்சிக்காரர் தன் வக்கீலிடம் அவ்வளவு மரியாதையாக, ஒவ்வொரு சந்தேகமாகக் கேட்டுக் கேட்டே அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார் பாருங்கள், அதுதான்.

ஜோனதன் ஹார்க்கர் நம்ம ஆள், புது வக்கீல் என்று நீங்கள் சொல்லவே இல்லையே! தேர்வில் தேறிய சேதி வந்த கையோடு டிரான்சில்வேனியாவுக்குக் கிளம்புகிறான், சீனியருக்குக் கீல்வாதம், அதனால் இவன் போகிறான். லண்டனுக்குக் கிழக்கே பர்ஃபிளீட்டில் கல்மதில் சூழ்ந்த சுமார் 20 ஏக்கர் பழைய சொத்து, அதன் கிரய வேலை. சொத்தை வாங்குகிற டிராகுலா பிரபுவின் கோட்டையில், அவர் நூலகத்தில் இங்கிலாந்து வக்கீல்களின் பெயர்ப் பட்டியல் புத்தகத்தைப் பார்த்ததும் இவனுக்கு மனசு குளிர்ந்துபோகிறது. எனக்கும்தான் குளிர்ந்தது, அவன் தனியாக இல்லை என்று ஒரு நினைப்பு. அப்புறம் ஒரு மாலையில் பிரபு சோபாவில் சாய்ந்துகொண்டு ஆங்கில ரயில் கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஓநாய்கள் ஊளையிடுகிற இடத்தைவிட எனக்கு இங்கேதான் வயிற்றைப் பிசைந்தது. எத்தனை நாளாகத் திட்டம் போட்டிருப்பார்!

ஹார்க்கரின் நாட்குறிப்பில் மே 12 குறிப்பை மட்டும் திரும்ப ஒருமுறை படியுங்கள். ஒருவர் இரண்டு வக்கீல் வைத்துக்கொள்ளலாமா, பண விவகாரத்துக்கு ஒருவர், கப்பலில் வரும் சரக்குக்கு வேறு ஊரில் ஒருவர் என்று வைத்தால் ஒருவருக்கு மற்றவர் செய்வது தெரியாமல் இருக்குமா என்கிறார் பிரபு. நல்ல கேள்விதான், வகுப்பில் கேட்டால் பாராட்டுவார்கள். ஹார்க்கரும் பாராட்டவே செய்கிறான், இவர் வக்கீலாகியிருந்தால் பிரமாதமாக வந்திருப்பார் என்று எழுதிவைக்கிறான். அதே மூச்சில், இன்னும் ஒரு மாதம் தங்குகிறேன் என்று சீனியருக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார். சீனியரின் நலனுக்காக வந்திருக்கிறோம், மறுக்கக்கூடாது என்று இவன் தலையாட்டுகிறான். ஜூனியர் வேறென்ன செய்வான்?

ஒரு வாரம் கழித்து மூன்று கடிதங்களை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்கிறார் பிரபு. வேலை முடியப்போகிறது, நாளைக் காலை கிளம்புகிறேன், கோட்டையை விட்டு பிஸ்ட்ரிட்ஸ் ஊருக்கு வந்துவிட்டேன். தேதி என்ன போட என்று இவன் கேட்கிறான். கொஞ்சம் கணக்குப் பார்த்துவிட்டுப் பதில் வருகிறது: ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29. தன் ஆயுள் எதுவரை என்று அந்தத் தேதிகளிலிருந்து அவன் புரிந்துகொள்கிறான். எழுதிய கை அவனுடையதே, யாரும் அதைப் பொய்க் கையெழுத்து என்று சொல்ல முடியாது. ஒரு ஆவணம் இவ்வளவு பயங்கரமாக இருக்க முடியும் என்று எனக்கு எந்தப் பாடமும் காட்டியதில்லை அக்கா.

இதை எழுதிய பிராம் ஸ்டோக்கரைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். டப்ளினில் அரசாங்க எழுத்தராக இருந்தவர், 1879இல் அயர்லாந்தின் சிறு நீதிமன்ற எழுத்தர்களுக்காக ஒரு கையேடே எழுதியிருக்கிறார், 1890இல் லண்டனில் பாரிஸ்டராகவும் பதிவு செய்திருக்கிறார். 1897இல் இந்த நாவல். நாட்குறிப்பு, கடிதம், தேதி என்று ஒரு கேஸ் கட்டு போலவே கதையை அடுக்கியிருப்பது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

ஐந்தாவது அத்தியாயத்தில் சட்டென்று ஹார்க்கருக்கு நிச்சயமான மினாவின் தோழி லூசியின் கல்யாணப் பேச்சு வந்ததும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது, சுவரில் பல்லி மாதிரி தலைகீழாக இறங்குகிற பிரபுவை விட்டுவிட்டு இதென்ன என்று. பிறகு தேதியைப் பார்த்தேன். ஒரே நாளில் மூன்று பேர் தன்னைக் கேட்டார்கள் என்று அவள் பூரித்து எழுதுவது மே 24. ஹார்க்கர் அந்த மூன்று கடிதங்களை எழுதிக்கொடுத்து ஐந்து நாள்தான் ஆகிறது! அதற்கப்புறம் ஒரு தேதியைக்கூட விடாமல் படிக்கிறேன்.

நேற்று ஜூலை 26க்கு வந்தேன். மினாவின் கைக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, ஒரே வரி, வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்று. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. கையெழுத்து சரி, தேதி சரி, சந்தேகப்பட ஒன்றுமே இல்லை, ஆனாலும் இது ஜோனதன் எழுதுகிற மாதிரி இல்லையே என்கிறாள் மினா. அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இனி யார் என்ன சொன்னாலும் அவள் பக்கம்தான்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். மறுத்தால் சந்தேகம் வரும், தப்பிக்க இருக்கிற கொஞ்ச வாய்ப்பும் போய்விடும் என்றுதான் ஹார்க்கர் எழுதிக்கொடுக்கிறான். நீங்கள் இத்தனை வருடம் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து பேசியவர், அந்த இடத்தில் அவனுக்கு வேறு வழி இருந்ததா? பதில் எழுதுங்கள். லூசி தூக்கத்தில் நடக்க ஆரம்பித்திருக்கிறாள், அவளைப் பற்றி மட்டும் நான் கெஞ்சினாலும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை