மியான்மர் மண்டலேல இருந்து அம்மா எழுதுறது

தம்பி, நேத்து போன்ல உங்கள தனியா விட்டுட்டேனேன்னு அழுதல்ல, அதுலேந்து எனக்குத் தூக்கமே வரல. நாங்க தனியா இல்லப்பா. போன்ல சொன்னா உனக்கு முன்னாடி நான் அழுதுடுவேன், அதான் எழுதுறேன்.

அந்த பூகம்பம் வந்தது 2025 மார்ச் 28. அன்னிக்கு வெள்ளிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு அம்பதுக்கு பூமி ஆடுச்சு, அளவு 7.7ன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. நான் கொல்லையில துணி காயப்போட்டுட்டு இருந்தேன், திரும்பிப் பாக்கறதுக்குள்ள முன்சுவரு அப்பா கால் மேல. கத்துறேன் கத்துறேன், தெரு முழுக்க எல்லாரும் கத்துறாங்க. பட்டறை பாய் தொழுகைக்குக் கிளம்பினவரு தொப்பியோடயே வந்தாரு, பாத்துட்டு திரும்பி ஓடுனாரு, லாரி தூக்குற ஜாக்கிய எடுத்துட்டு வந்து பீம் அடியில வச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனாரு, கை நடுங்குது, ஆனா நிறுத்தல. அப்பாவ வெளிய இழுத்துப் போட்டுட்டுதான் பள்ளிவாசலுக்கு ஓடுனாரு. அங்க கூரை விழுந்து அவரு தம்பி போயிட்டாரு. ரமலான் மாசத்துக் கடைசி வெள்ளி அது. நம்ம வீட்டுல நிக்காம நேரா போயிருந்தாருன்னா... ராத்திரியில இதே நெனப்புதான், அவருகிட்ட கேக்க வாய் வரல தம்பி.

அப்புறம் பல நாள் ரோட்டுலதான் படுக்கை, ஆடிக்கிட்டே இருந்துச்சு, வெயிலோ நாப்பது டிகிரி. போங்ஜி (புத்த பிக்கு) மடத்துலேந்து தண்ணி வந்துச்சு, நம்ம கோயில் அண்டால கஞ்சி வச்சு யாருன்னு பாக்காம ஊத்துனோம். பாய் வீட்டுப் பொம்பளைங்க அந்த துக்கத்துலயும் என்கூட உக்காந்து வெங்காயம் உரிச்சாங்க, ஒரு வார்த்தை பேசல. இந்தியா ராணுவம் போட்ட கூடார ஆஸ்பத்திரியிலதான் அப்பாவுக்கு மாவுக்கட்டு. அங்க ஒரு டாக்டர் தமிழ்ல "எங்கய்யா வலிக்குது"ன்னு கேட்டாரு பாரு, அதுவரைக்கும் அழாத மனுஷன் அப்பதான் அழுதாரு.

நீ சின்னப்புள்ளையில ரயில்ல போறப்ப எட்டிப் பாப்பியே, அந்த ஆவா பாலம், 1934ல கட்டுனது, அதுவே ஐராவதி ஆத்துல விழுந்துடுச்சு.

வீடு கட்ட பணம் அனுப்புறேன்னியே, மெதுவா அனுப்பு, அவசரமில்ல. லீவு கிடைச்சா நீ வா. வந்ததும் பைய கூட எறக்காம நேரா பட்டறைக்குப் போ. அந்த ஜாக்கி இன்னும் நம்ம வாசல்லதான் இருக்கு, திருப்பிக் குடுத்தா "இருக்கட்டும்மா, யாருக்காச்சும் வேணும்"ங்குறாரு. நீ போய் அவரு கைய புடிச்சிக்க, எதுவும் பேச வேணாம், கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்துட்டு வா.

அம்மா