ஆண்டறிக்கை 2024-25: படத்துக்கு முன்னால் பத்து நிமிடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். துறையூரில் நம் ஓவிய ரசனை மன்றம் தொடங்கி ஐந்து ஆண்டுகள் நிறைகின்றன. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

இப்போது நம் மன்றத்தில் 42 பேர். இந்த ஆண்டு புதிதாக ஒன்பது பேர் சேர்ந்தார்கள், இருவர் வெளியூர் மாறிப் போனார்கள். மாதக் கூட்டம் பத்து நடந்தது. நவம்பர் மழையில் ஒன்றும், அறை கிடைக்காததால் ஒன்றும் தவறிப்போயின.

சென்ற ஆண்டுப் பேரவையில் நடந்த விவாதத்திலிருந்துதான் இந்த அறிக்கையைத் தொடங்க வேண்டும். மக்காச்சோள மண்டி வைத்திருக்கும் நம் உறுப்பினர் எழுந்து, “செயலாளர் அய்யா, மாசாமாசம் படத்தைக் காட்டுறீங்க, யாராவது ஒருத்தர் அதுக்கு அர்த்தம் சொல்றீங்க. சொன்னா புரியுது. திரும்பப் பாத்தா மறுபடியும் கோடுதான் தெரியுது. அப்ப நான் எதைப் பாத்தேன்?” என்று கேட்டார். சிலர் அவர் மேல் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. அன்றைக்கே ஒரு தீர்மானம் போட்டோம். இனி விளக்கவுரை முதலில் வராது. படத்தை மாட்டியபின் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு ஒவ்வொருவரும் அரைப் பக்கம் குறிப்பு எழுத வேண்டும், பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். ஓவியரைப் பற்றிய செய்தி அதற்குப் பிறகுதான். இதற்காக 200 பக்கத்தில் ஒரு கோடு போடாத நோட்டு வாங்கினோம். மார்ச் முடிய அதில் 171 பக்கம் நிரம்பியிருக்கிறது. இந்த ஆண்டு மன்றம் செய்த வேலை எதுவென்று கேட்டால் அந்த நோட்டைத்தான் நான் காட்டுவேன்.

முதல் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டது ஓவியர் கே.எம். ஆதிமூலம். காரணம் எளிது. அவர் நம் துறையூர் வட்டத்துக் கீரம்பூரில் 1938-ல் பிறந்தவர். பேருந்தில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. எனக்கும் நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. சென்னைக்குப் போய், சிற்பி தனபாலின் அரவணைப்பில், அரசு ஓவியப் பள்ளியில் படித்தார். நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். 1969-ல் காந்தி நூற்றாண்டுக்காக வெறும் கறுப்பு மையில் காந்தியை நூறு படங்களாக வரைந்தார். சிற்றிதழ் படித்தவர்களுக்கு அவர் கோடும், இதழ்த் தலைப்புகளுக்கு அவர் எழுதிய எழுத்துகளும் பழக்கம். 2008 ஜனவரியில் காலமானார்.

காந்தி படங்களில் நான்கை மாட்டினோம். நோட்டில் அன்று எழுதியவர்களில் பலரும் மூக்குக்கண்ணாடி, கைத்தடி என்று அடையாளங்களையே எழுதியிருந்தார்கள். தையல்கார அக்கா எழுதியது வேறு மாதிரி: “இழுத்த கோடு மேலேயே திரும்பத் திரும்ப இழுத்திருக்கார். கிழிஞ்ச இடத்துல நாங்க ஊசியை அப்படித்தான் போட்டுக்கிட்டே இருப்போம், பிடிப்பு வர்ற வரைக்கும். இந்தக் கிழவர் முகத்துல எங்கேயோ பிடிப்பு வரலைன்னு வரைஞ்சவருக்குத் தோணியிருக்கு.” இதை வாசித்தபோது அறை அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் படங்களை நான் வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதம் அவருடைய பிற்கால வண்ண ஓவியங்கள். உருவம் ஏதும் கிடையாது. கனத்த வண்ணப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியும் விலகியும் கிடக்கும். மண்டிக்காரர் பத்து நிமிடமும் நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருந்தார். பிறகு எழுதினார்: “சித்திரையில உழுது போட்ட காடு, மத்தியானம், பச்சைமலைப் பக்கம் கானல். மேல்மண்ணு ஒரு நிறம், கலப்பை பொரட்டுன அடிமண்ணு ஒரு நிறம். இதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல.” ஆதிமூலம் பச்சைமலையை வரைந்தார் என்று நாளைக்கு யாரும் மேடையில் பேசிவிடக் கூடாது என்பதற்காக இங்கே அழுத்திச் சொல்கிறேன்: அது மண்டிக்காரர் கண்ட காடு. அவருடைய பார்வை என்பதால்தான் அந்த வரிக்கு மதிப்பு.

ஜூலைக் கூட்டம் ஓவியர் அச்சுதன் கூடல்லூருக்கு. கேரளத்துக் கூடல்லூரில் 1945-ல் பிறந்து, தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். ஓவியக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து பட்டம் வாங்கியவர் அல்ல. அங்கே மாலையில் கூடிய கலைக் குழுவுக்குப் போய்ப் பழகி, தானே கற்றுக்கொண்டு, முழுக்க உருவமில்லாத அரூப ஓவியத்துக்கு வந்தவர். 2022 ஜூலையில் மறைந்தார். நம்மிடையே பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அய்யா ஒருவர் இருக்கிறார். வாழ்நாளெல்லாம் கணக்காக அளந்து வாழ்ந்த ஒருவர் சாயங்காலத்தில் போய் அளவே இல்லாத சிவப்பை எடுத்துப் பூசியிருக்கிறாரே என்று அவர் இரண்டு பக்கம் எழுதினார். முப்பத்து நான்கு வருடம் மதகும் கால்வாயும் அளந்தபோது தனக்கு ஒரு மாலை நேரம் இல்லாமல் போனதைப் பற்றியும் அதில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை வெளியில் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இத்தோடு நிறுத்துகிறேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பிழை நடந்தது, அதற்குச் செயலாளர் என்ற முறையில் நானே பொறுப்பு. வண்ணப் பிரதிகளை எடுத்த அச்சகம் நிறத்தைச் சரிபார்க்காமல் போட்டுக் கொடுத்துவிட்டது. ஐந்து படங்களில் சிவப்பெல்லாம் வெளிறிய ரோஜா நிறமாக இருந்தன. நானும் மூலத்தோடு ஒப்பிடாமல் மாட்டிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு நல்ல அச்சுப் புத்தகம் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. ஒரு மணி நேரம் நாம் பேசியது அந்த ஓவியரின் சிவப்பைப் பற்றியே அல்ல. கறுப்பு வெள்ளைக்கு நம் பிரதிகள் போதும். வண்ணத்துக்குப் போதாது, நேரில்தான் போய்ப் பார்க்க வேண்டும். சென்னைப் பயணம் இதிலிருந்துதான் முடிவானது.

செப்டம்பரில் 19 பேர் வேன் எடுத்து, இரவு பத்தரைக்குப் பெரம்பலூர் வழியாகப் புறப்பட்டு, காலையில் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று, தன் மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கிய இடம். அன்று அது மணலும் சவுக்கும். படம் விற்றால்தான் அடுப்பு எரியும் என்றால் விற்கிற மாதிரிதான் வரைய நேரும் என்பதால், அவர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, ஓவியத்தைத் தங்கள் விருப்பத்துக்கு விட்டுவைத்தார்கள். நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் கைத்தொழில்காரர்கள். அவர்களுக்கு இந்த ஏற்பாடு படங்களை விடவும் முதலில் புரிந்தது. “பகல் பாத்திக் துணிக்கு, மிச்சப் பொழுது தனக்கு” என்று தையல்கார அக்கா சொன்னதை வேனில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அங்குள்ள அருங்காட்சியகம் 2009-ல் திறந்தது. சென்னை அரசு ஓவியப் பள்ளியைச் சுற்றி உருவாகி, சென்னை ஓவிய இயக்கம் என்று எழுதப்படுவதை ஒரே இடத்தில் பார்க்கலாம். பணிக்கரின் “சொற்களும் குறியீடுகளும்” என்ற ஓவிய வரிசையின் முன் நாங்கள் வெகு நேரம் நின்றோம். 1963 வாக்கில் தொடங்கியது அந்த வரிசை. ஜாதகக் கட்டம் போல, கணக்கு நோட்டு போல, ஓலைச் சுவடி போல இருக்கும். எழுத்து இருக்கும், வாசிக்க முடியாது. ஜோதிடம் பார்க்கும் நம் உறுப்பினர் கிட்டே போய், விலகி வந்து, மறுபடி கிட்டே போய், “பன்னிரண்டு வீடும் இதுல உக்காரலையே தம்பி” என்று வருத்தப்பட்டார். மண்டிக்காரருக்குப் படம் பிடிக்கவில்லை. “வாசிக்கக் கூடாதுன்னு எழுதுறவர்கிட்ட எனக்கு என்ன வேலை?” என்று நோட்டில் எழுதியிருக்கிறார். அது நேர்மையான குறிப்பு. அப்படியே இருக்கட்டும்.

என் குறிப்பையும் சொல்ல வேண்டும். அஞ்சலகத்தில் 31 ஆண்டு வேலை பார்த்தேன். புரியாத கையெழுத்தைப் படித்து விலாசம் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். கிறுக்கல் கையில் வந்தால் பதற்றம் வரும், அது யாருக்கோ போக வேண்டியது, என் கண்ணால் அது நின்றுவிடக் கூடாது என்று. ஓய்வு பெற்றபின்னும் கனவில் அந்தப் பதற்றம் உண்டு. பணிக்கரின் படத்தின் முன் முதல் மூன்று நான்கு நிமிடம் என் கண் பழக்கத்தில் ஊரையும் தெருவையும் தேடியது. பிறகு ஒரு நொடியில் தேடல் நின்றது. எழுத்தின் வளைவும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே விட்ட இடமும் மட்டும் தெரிந்தன. யாருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாத எழுத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தலைவர் என்ன என்று கேட்டார், அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

ஓவியர் கே. ராமானுஜத்தின் படங்களின் முன்னால் எல்லோரும் நிற்கவில்லை. நின்றவர்கள் நகரவில்லை. திக்கிப் பேசியவர், மனநோயால் துன்பப்பட்டவர், சோழமண்டலத்தில் வாழ்ந்தவர். 1973-ல், முப்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கனவு மாளிகைகளும் விசித்திரப் பறவைகளும் நெருக்கிப் பின்னிய கோடுகளில் நிறைந்திருக்கும். அவற்றின் நடுவே தொப்பி போட்ட ஓர் ஆள் வருவார், அவர் ராமானுஜம்தான். திக்குவாய் உள்ள தம்பியை உடைய நம் ஆசிரியை, அந்தப் படத்தைப் பற்றி ஒரே வரி எழுதினார்: “இந்த வீட்டில் யாரும் இவரைச் சீக்கிரம் பேசி முடி என்று சொல்லவில்லை.”

திரும்பும் வழியில் கல்லூரி மாணவி ஒருவர் என்னிடம், “அங்கிள், இன்னிக்குப் பாத்த பேர்ல பொம்பளைங்க எத்தன பேர்?” என்று கேட்டார். என்னிடம் பதில் குறைவாக இருந்தது. அந்தக் கேள்விக்காகவே அடுத்த இரண்டு கூட்டங்களை மாற்றினோம். சோழமண்டலத்தின் ஆரம்பகாலப் பெண் ஓவியர்களில் ஒருவரான அர்னவாஸ் 1988-ல் மறைந்தார். பொன்னானிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து ஓவியம் படித்த டி.கே. பத்மினி, 1940-ல் பிறந்து 1969-ல் பிரசவத்தின்போது இறந்துபோனார். கேள்வி கேட்ட மாணவியே பத்மினியைப் பற்றிப் பேசினார். இந்த ஆண்டின் சிறந்த உரை அது என்பது என் கருத்து.

ஜனவரியில் கும்பகோணம் பக்கத்துச் செம்பியவரம்பலில் பிறந்த எஸ். இளையராஜாவின் படங்கள். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. பழைய ஓட்டு வீடுகளில் மாநிறப் பெண்கள், ஜன்னல் வெளிச்சம், பித்தளைக் குடம் எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும். அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம், 37 பேர். பெரும்பாலோருக்குப் பிடித்தது, என் அம்மா, என் அத்தை என்று எழுதினார்கள். சத்துணவில் சமைக்கும் அக்கா ஒருவர் மட்டும், “வெளிச்சம் அழகா விழுது. புகை எங்க போச்சு?” என்று எழுதினார். அதை வைத்து முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. வரைந்தவர் நினைவில் இருந்த வீடு அது, அங்கே புகை மறந்துபோயிருக்கும் என்றார் ஒருவர். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவள் மறக்க மாட்டாள் என்றார் அக்கா. இரண்டும் நோட்டில் இருக்கின்றன.

டிராட்ஸ்கி மருதுவின் கோட்டோவியங்களுக்கும் டக்ளஸின் கசங்கிய தாள் ஓவியங்களுக்கும் ஒவ்வொரு கூட்டம் நடந்தது. குறிப்புகள் குறைவு. மறுபடி எடுக்க வேண்டும்.

வரவு செலவு. தொடக்க இருப்பு 3,870 ரூபாய், சந்தா 38 பேரிடம் தலைக்கு 300 வீதம் 11,400, நன்கொடை 5,000, ஆக 20,270. பிரதி எடுத்த வகையில் 4,150, புத்தகங்கள் 6,200, அறை வாடகை 2,400, தேநீர், தாள், தபால் 3,360, ஆகச் செலவு 16,110. கையிருப்பு 4,160. வேன் வாடகையைப் பயணம் வந்தவர்களே பகிர்ந்துகொண்டார்கள். பொருளாளர் ஒவ்வொரு ரசீதையும் ஒட்டி வைத்திருக்கிறார், பார்வையிடலாம்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு ஒப்புக்கொண்ட இடத்தை முதல் நாள் இரவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த நான்கு பேர் வாசலில் நின்று திரும்பினார்கள். அவர்களிடம் மன்றத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று யோசனைகள் வைக்கிறது. ஆதிமூலத்தின் காந்தி படங்களைக் கீரம்பூரிலேயே ஒரு நாள் காட்சிக்கு வைத்து, ஊர்க்காரர்களிடமே நோட்டைக் கொடுப்பது முதலாவது. வண்ணப் பிரதியை மூலப் புத்தகத்தோடு இருவர் ஒப்பிட்டுக் கையெழுத்திட்டபின்தான் மாட்டுவது இரண்டாவது. இன்னொரு நோட்டு வாங்குவது மூன்றாவது, 300 பக்கத்தில்.

தலைவருக்கும் பொருளாளருக்கும் அறை திறந்து கொடுத்த நண்பர்களுக்கும், வேனில் இரவெல்லாம் விழித்திருந்த ஓட்டுநர் தம்பிக்கும் நன்றி. சந்தா பாக்கியுள்ள நால்வர் இன்று பொருளாளரைப் பார்க்கவும். ஏப்ரல் கூட்டம் இரண்டாவது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. நோட்டு இந்த மேஜையில் இருக்கிறது, வாசிக்க விரும்புவோர் இங்கேயே உட்கார்ந்து வாசிக்கலாம். அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்